டார்கஸ் வழி வந்தவர்கள்

பெத்தெல் கார்னர்ஸ், காஸ் கவுண்டி, மிச்சிகன்
1911 அக்டோபர் 3

மதிப்பிற்குரிய செல்வி கெசாயா டன்வெல் அவர்களுக்கு,

முன்பின் அறியாத ஒருத்தி எழுதுகிறேன். இது கைக்கு வரும்போது தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

என் பெயர் ஒரிண்டா ஹேக்லி. இங்கே ஊர்ப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக ஆசிரியை. 1642-இல் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த கெர்ஷம் டன்வெல்லின் வம்சத்தில் யார் யாரை மணந்தார்கள், பிள்ளைகள் எங்கெங்கே போனார்கள் என்று தொகுத்துப் புத்தகம் போடுகிறீர்கள் என்று பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் படித்தேன். விவரம் கேட்கிறவர்கள் குடும்பச் சங்கத்தின் செயலாளரான தங்களுக்கு எழுதலாம் என்றும் இருந்தது.

எனக்கு ஒருவரைப் பற்றித்தான் தெரிய வேண்டும். டார்கஸ் டன்வெல், 1760 வாக்கில் உங்கள் ஃபென்ஹாமில் பிறந்தவர். என் அம்மாவின் அப்பா எலியஸ். எலியஸின் அம்மா தாங்க்ஃபுல். தாங்க்ஃபுலின் அம்மா இந்த டார்கஸ் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு.

இந்த ஆகஸ்டில் எங்கள் கவுண்டியின் பழைய குடும்பங்கள் கூடும் விழா நடந்தது. ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் பூர்வீகம் சொன்னார்கள். எழுபத்து மூன்று வயதான என் அம்மா மெர்சியும் எழுந்து, தான் டன்வெல் வம்சம் என்று சொன்னார். மேடையில் இருந்தவர், "ஏம்மா, அடுத்த வருஷம் இங்கிலாந்து ராஜா உங்க மாமான்னு சொல்லுவீங்களா?" என்றார். பந்தலே சிரித்தது. அம்மா உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் தன் குடும்பத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அம்மா பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதை எழுத்தில் காட்ட வேண்டும். பழைய பதிவு ஏதாவது இருந்தால் தெரிவியுங்கள்.

தங்கள் நலம் நாடும்,
ஒரிண்டா ஹேக்லி

*

டன்வெல் இல்லம், ஃபென்ஹாம், மாசச்சூசெட்ஸ்
1911 அக்டோபர் 16

மதிப்பிற்குரிய திருமதி ஹேக்லி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். ஆப்பிள் பறிப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கிறது.

உங்களுக்கு நல்ல பதில் சொல்ல முடியவில்லை. புத்தகத்தைத் தொகுப்பவர் என் அண்ணன் ஹைரம். பதினோரு வருட உழைப்பு. அவர் ஏட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "டார்கஸ், பிறப்பு 1760. மணமாகாமல் 1783-இல் இறந்தார்." எங்கள் தாத்தா ஜோசையா சொன்னது அது. டார்கஸின் தம்பி ஆசாவின் மகன் அவர். எங்கள் குடும்ப பைபிளில் பிறப்பு, மணம் எல்லாம் எழுதிவைத்த தாள்களில் அந்தத் தலைமுறைக்குரிய தாள் மட்டும் இல்லை. யாரோ கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். எந்தக் காலத்தில், எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

புத்தகம் மே மாதம் அச்சுக்குப் போகிறது. தங்கள் தாயாருக்கு நேர்ந்தது எனக்கு வருத்தம் தருகிறது. அவருக்கு என் வணக்கம்.

கெசாயா டன்வெல்

*

பெத்தெல் கார்னர்ஸ்
1911 அக்டோபர் 25

மதிப்பிற்குரிய செல்வி டன்வெல் அவர்களுக்கு,

உடனே பதில் போட்டதற்கு நன்றி. இங்கும் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு.

தாத்தா எலியஸ் தன் கையால் எழுதிவைத்த குறிப்பு என்னிடம் இருக்கிறது: "என் தாய் தாங்க்ஃபுல் 1784-இல் பிறந்தாள். அவள் தாய் ஃபென்ஹாம் ஊர் டி. டன்வெல்." 1783-இல் இறந்தவர் 1784-இல் பிள்ளை பெற முடியாது. இரண்டில் ஒன்று தவறு.

ஒரே ஒரு கேள்வி. டார்கஸ் ஃபென்ஹாமில் இறந்திருந்தால் அவருக்கு அங்கே கல்லறை இருக்குமே. இருக்கிறதா?

சிரமத்துக்கு மன்னிக்கவும். குளிர் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரிண்டா ஹேக்லி

*

டன்வெல் இல்லம், ஃபென்ஹாம்
1911 நவம்பர் 20

அன்புள்ள திருமதி ஹேக்லி அவர்களுக்கு,

நான் நலம். இரண்டு நாள் சளி பிடித்திருந்தது, காரணம் நீங்கள்தான். உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு போன வாரம் மழைத் தூறலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

அந்தத் தலைமுறையில் ஏழு பிள்ளைகள். எங்கள் வரிசை முழுவதையும் பாசியைச் சுரண்டிப் படித்தேன். ஆறு பேருக்குக் கல் இருக்கிறது. பிறந்து ஒன்பதே நாள் இருந்த குழந்தைக்குக்கூடப் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. டார்கஸுக்கு இல்லை. ஒன்பது நாள் குழந்தைக்குக் கல் வைத்த பெற்றோர் இருபத்திரண்டு வயது மகளுக்கு வைக்காமல் விடுவார்களா?

அண்ணனிடம் சொன்னேன். "கல்லு உடைஞ்சு போயிருக்கும். நூத்தி முப்பது வருஷமாச்சே" என்றார். நான் ஈரச் செருப்போடு அடுக்களையில் நின்றுகொண்டு, மற்ற ஆறும் உடையவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கே இப்போது ஆர்வம் வந்துவிட்டது. டார்கஸின் கணவர் பெயர் என்ன? அதை நீங்கள் எழுதவே இல்லை. பெயர் தெரிந்தால் ஊர் ஏடுகளில் தேட முடியும்.

உங்கள் தாயாரின் முழங்காலுக்குச் சூடு பண்ணிய கம்பளித் துணியைச் சுற்றிப் பாருங்கள். எனக்குக் கேட்டது.

அன்புடன்,
கெசாயா டன்வெல்

*

பெத்தெல் கார்னர்ஸ்
1911 டிசம்பர் 1

அன்புள்ள செல்வி டன்வெல் அவர்களுக்கு,

சளி விட்டதா? கம்பளித் துணி அம்மாவுக்கு இதமாக இருக்கிறது. யார் சொன்ன வைத்தியம் என்று கேட்டார். ஃபென்ஹாமில் ஒருவர் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

கணவர் பெயர் பாம்ப் ஃபெரிஸ். இங்கிலாந்தை எதிர்த்த விடுதலைப் போரில் மூன்று வருடம் சிப்பாயாக இருந்தவர். உங்கள் முப்பாட்டனார் ஆசாவும் அவரும் ஒரே படைப்பிரிவு என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர் கறுப்பினத்தவர். நானும் அப்படித்தான், என் அம்மாவும், இந்த ஊரில் பாதிப் பேரும்.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். உங்களுக்கு முன்னால் டன்வெல் பெயருள்ள நான்கு பேருக்கு எழுதினேன். நான்கு கடிதத்திலும் எழுதியிருந்தேன். ஒரு பதிலும் வரவில்லை. ஐந்தாவது கடிதத்தில் எழுதவில்லை. நீங்கள் மழையில் கல்லறைக்கே போய் வந்தீர்கள். மறைத்தது தப்பு என்று உங்களுக்குத் தோன்றினால், தப்புதான். மறைக்காமல் இருந்திருந்தால் எனக்கு அந்தக் கல்லறை வரிசை தெரிந்திருக்காது.

பதில் வராவிட்டாலும் உங்கள் மேல் எனக்கு நன்றி உண்டு. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஒரிண்டா ஹேக்லி

*

திருமதி பிராடக் வீடு, மில் தெரு, ஃபென்ஹாம்
1912 பிப்ரவரி 27

அன்புள்ள ஒரிண்டா,

மூன்று மாதம் ஆகிவிட்டது. பனியால் தபால் வண்டி ஓடவில்லை என்று எழுதலாம் என்றிருந்தேன். தபால் வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. முதல் மூன்று வாரம் உன் கடிதத்தைத் தையல் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் சரியாக இருக்காது. நீயும் உன் அம்மாவும் நலமா?

கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"இதோட விட்டுடு, கெசாயா. அந்தக் காலத்துல இந்த மாநிலத்துல வெள்ளைக்காரப் பொண்ணு கறுப்பு ஆளைக் கட்டிக்கிட்டா அது கல்யாணமே கிடையாது. சட்டமே இருந்துச்சு. இல்லாத கல்யாணத்தை நான் எப்படிப் புத்தகத்துல எழுதறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இந்த மாநிலத்துலதானே அண்ணா அந்தச் சட்டம்? எல்லை தாண்டினா கனெக்டிகட். அங்க அப்படி ஒரு சட்டம் கிடையாதே?"

கரண்டியைக் கீழே வைத்தார். "போய்த் தேடிப் பாரு. கிடைச்சா என்கிட்ட வா" என்றார்.

போனேன். ஜனவரியில் இரண்டு ஊர், இந்த மாதம் மூன்றாவது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹார்ட்லீ என்று சின்ன ஊர். பழைய தேவாலயப் பதிவேடு போதகர் வீட்டுச் சமையலறை அலமாரியில், மாவுப் பீப்பாய்க்கு மேலே இருந்தது. போதகரின் மனைவி ரொட்டி பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். நான் படி எடுத்ததை அப்படியே எழுதுகிறேன்:

"1782 நவம்பர் 7. சிப்பாய் பாம்ப் ஃபெரிஸுக்கும் ஃபென்ஹாம் டார்கஸ் டன்வெல்லுக்கும் மணம் செய்வித்தேன்."

ஒரிண்டா, உன் அம்மா பொய் சொல்லவில்லை.

அண்ணனிடம் காட்டினேன். வேறு ஒரு டார்கஸாக இருக்கலாம் என்றார். ஃபென்ஹாமில் வேறு டார்கஸ் டன்வெல் யாரும் இருந்ததில்லை. அது அவரே பதினோரு வருடம் தேடி எழுதியது. இதற்கு மேல் இப்போது எழுத எதுவும் இல்லை.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

கெசாயா

*

பெத்தெல் கார்னர்ஸ்
1912 மார்ச் 28

அன்புள்ள கெசாயா அம்மா,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மேப்பிள் மரத்துப் பாலைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். அம்மாதான் பக்கத்தில் நின்று கிண்டினார். படித்துக் காட்டினேன். கிண்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நவம்பர் ஏழா? குளிர் ஆரம்பிச்சிருக்குமே. போத்திக்க நல்ல சால்வை இருந்துச்சோ என்னவோ" என்றார். அவ்வளவுதான். ஆனால் பாகு அடிப்பிடித்துவிட்டது. என் அம்மா பாகைத் தீய விட்டு நான் பார்த்ததில்லை.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. போர்ச் சிப்பாய்களின் விதவைகளுக்கு 1838-இல் அரசு உதவித்தொகை கொடுத்தது. விண்ணப்பித்தவர்கள் தங்கள் மணத்தை நிரூபிக்க வேண்டும். பாம்ப் 1829-இல் நியூயார்க் மாநிலத்தில் இறந்தார். டார்கஸ் அதற்குப் பிறகும் இருந்தார். விண்ணப்பித்திருப்பாரோ என்று வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்டேன். நேற்று பதில் வந்தது. விண்ணப்பித்திருக்கிறார், எழுபத்தெட்டு வயதில். அந்த விண்ணப்பத்தோடு இருக்கும் தாள்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறார்கள். நான்காவது இப்படி இருக்கிறது: "குடும்ப பைபிள் ஒன்றிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட தாள்." ஐந்தாவது: "ஆசா டன்வெல்லின் உறுதிமொழி."

உங்கள் பைபிளில் அறுபட்ட தாள் இதுதானோ?

கடைசி விஷயம். உங்கள் கடிதம் டன்வெல் இல்லத்திலிருந்து வரவில்லை. மில் தெருவில் திருமதி பிராடக் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. அது யார் வீடு? நீங்கள் ஏன் அங்கே இருக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரிண்டா

*

வாஷிங்டன்
1912 ஏப்ரல் 20

அன்புள்ள ஒரிண்டா,

நான் சுகமாக இருக்கிறேன். ரயிலில் வந்த அலுப்பு மட்டும். ஐம்பத்தேழு வயதுவரை பாஸ்டனைத் தாண்டிப் போனதில்லை. இப்போது மடியில் பைபிளை வைத்துக்கொண்டு வாஷிங்டன் வந்திருக்கிறேன். பைபிளை அப்பா என் பெயருக்கு எழுதிவைத்தார். அதை எடுத்துப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் வயதான குமாஸ்தா ஒருவர் டார்கஸின் விண்ணப்பக் கட்டைக் கொண்டுவந்து பிரித்தார். நான் பைபிளைத் திறந்து, அறுத்த இடத்தைக் காட்டினேன். அவர் தாளை எடுத்து அந்த விளிம்போடு சேர்த்துவைத்தார். நடுவில் கத்தி வழுக்கிக் கொக்கி மாதிரி வளைந்திருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த வளைவோடு வளைவு பொருந்தியது.

"முப்பது வருஷமா இங்க வேலை பாக்கறேன்மா. தாள் மட்டும்தான் வரும். புத்தகம் பின்னாடியே வந்தது இதுதான் முதல் தடவை" என்றார் அவர்.

தாளில் டார்கஸின் மணமும் மகள் தாங்க்ஃபுலின் பிறப்பும் எழுதியிருக்கின்றன. எழுதிய கை டார்கஸின் அப்பாவுடையது. மற்றப் பிள்ளைகளின் மணத்தை எழுதிய அதே மையில், அதே அளவு எழுத்தில். இனி ஆசாவின் உறுதிமொழி:

"நான் ஆசா டன்வெல், வயது எழுபத்தைந்து. பாம்ப் ஃபெரிஸும் நானும் ஒரே படைப்பிரிவில் மூன்று வருடம் இருந்தோம். அவர் என் அக்கா டார்கஸை மணக்கப் போனபோது நானும் கூட நடந்தேன். இருபத்தாறு மைல். எங்கள் மாநிலம் அவர்களுக்கு மணம் செய்துவைக்காது; செய்துவைக்கும் இடத்துக்குப் போனோம். இந்தத் தாளிலுள்ளது என் தகப்பனாரின் எழுத்து. என் அக்கா சொல்வதை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்பதற்காக இதை என் கையால் அறுத்து அனுப்புகிறேன். பைபிளில் ஒரு தாள் குறைவதில் எனக்கு வருத்தம் இல்லை."

அவமானத்தை மறைக்க யாரோ அறுத்தார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் இத்தனை வருடம் உள்ளுக்குள் நினைத்திருந்தோம். அக்காவுக்குத் துணை நிற்கத் தம்பி அறுத்திருக்கிறார். பிறகு அவர் மகன், எங்கள் தாத்தா ஜோசையா, டார்கஸ் மணமாகாமல் இறந்ததாக ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேனே தவிர, தெரியாமல் இல்லை.

மே 4 அன்று சங்கக் குழு கூடுகிறது. அச்சுக்கு முன் அதுதான் கடைசிக் கூட்டம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துக் காட்டு.

கெசாயா

*

பெத்தெல் கார்னர்ஸ்
1912 ஏப்ரல் 27

அன்புள்ள கெசாயா சித்திக்கு,

நாங்கள் சுகம். இப்படி அழைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கரும்பலகையில் வரைந்து பார்த்தேன். ஆசாவுக்கு நீங்கள் எத்தனையாவது தலைமுறையோ, டார்கஸுக்கு என் அம்மாவும் அதே தலைமுறை. அம்மாவுக்கு நீங்கள் தங்கை முறை. ஆக எனக்குச் சித்தி.

இரண்டு முறை அல்ல, நான்கு முறை படித்தேன். "இருபத்தாறு மைல்" என்ற இடம் வரும்போதெல்லாம் அம்மா, "அந்த வரியை இன்னொரு தரம் படி" என்றார்.

மில் தெருவைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் சொல்லவில்லை. எங்களால் உங்களுக்கு வீடு இல்லாமல் போயிற்று என்றால், அம்மா இந்தத் தாள்கள் எதுவும் வேண்டாம் என்பார். அவர் அப்படிப்பட்டவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சித்தி.

ஒரிண்டா

*

டன்வெல் இல்லம், ஃபென்ஹாம்
1912 மே 8

அன்புள்ள மகள் ஒரிண்டாவுக்கு,

சுகம். மேலே எழுதியிருக்கும் விலாசத்தை முதலில் பார்.

குழுவில் ஏழு பேர். அண்ணன் தலைவர். தேவாலயக் கூடத்தில் தேவதாரு விறகு போட்டும் குளிர் விடவில்லை. பதிவேட்டின் பிரதி, பைபிள் தாளின் புகைப்படம், உறுதிமொழியின் புகைப்படம் மூன்றையும் மேசைமேல் வைத்தேன். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்திருந்த லாத்ராப் டன்வெல் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் நிஜம்னே வெச்சுக்குவோம். அதுக்காகப் புத்தகத்துல போட்டே ஆகணுமா? வாங்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

நான் வாதம் செய்யவில்லை. "அண்ணா, ஆசாவோட கையெழுத்து உங்களுக்குத்தான் நல்லாப் படிக்க வரும். இதை வாசிங்க" என்றேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுவதற்கென்று அண்ணன் ஆசாவின் படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து அவருக்கு ஆசா என்றால் உயிர்.

அண்ணன் வாசித்தார். இருபத்தாறு மைல் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தார். பிறகு லாத்ராப்பைப் பார்த்துப் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க அப்பாவோட தாத்தா அக்கா கல்யாணத்துக்காக இருபத்தாறு மைல் நடந்திருக்காரு. நான் ஒரு பக்கம் எழுத மாட்டேன்னு உக்காந்திருக்கேன். அப்புறம் அவர் படத்தைப் போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

வாக்கெடுத்தோம். போட வேண்டும் என்று ஐந்து பேர், வேண்டாம் என்று இரண்டு பேர்.

திங்கட்கிழமை காலை மில் தெருவுக்கு அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தேடலை நான் விடாததில் அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல், கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரத்திலிருந்து நான் அந்த வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். உனக்கு எழுதவில்லை, எழுதினால் உன் அம்மா தாள்கள் வேண்டாம் என்பார் என்று எனக்கும் தெரியும். அவரை நான் பார்த்ததில்லை, ஆனாலும் தெரியும். அண்ணன் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டு ஆண்களுக்கு வராது. "உன் பெட்டி எங்க?" என்று மட்டும் கேட்டார். தானே தூக்கிவந்து வண்டியில் வைத்தார். போகும் வழியில், "தாங்க்ஃபுலுக்கு எத்தனை பிள்ளைங்க? எழுதிக் கேளு. ஒருத்தரும் விட்டுப் போகக் கூடாது" என்றார்.

ஆகஸ்ட் 21 அன்று கெர்ஷம் வந்திறங்கிய இருநூற்று எழுபதாம் ஆண்டு விழா. எல்லோரும் வர வேண்டும்.

உன் சித்தி,
கெசாயா

*

பெத்தெல் கார்னர்ஸ்
1912 ஜூலை 15

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் ஹைரம் மாமாவும் நலமா?

அம்மா வருகிறார். என் தம்பிகள் இருவரும் குடும்பத்தோடு வருகிறார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். என்னால் வர முடியவில்லை. மகள் லூசிண்டாவுக்கு ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். வர முடியாதது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொல்லப் போவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கிறது. அங்கே தங்கும் விடுதிகளில் எங்களை ஏற்பார்களா?

அம்மா புதுத் தொப்பி வாங்கியிருக்கிறார். ஆனால் விழாவைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. போன வருடப் பந்தலை நினைத்துப் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே இருங்கள்.

ஒரிண்டா

*

டன்வெல் இல்லம், ஃபென்ஹாம்
1912 ஆகஸ்ட் 30

அன்பு மகள் ஒரிண்டாவுக்கு,

இங்கே எல்லோரும் நல்ல சுகம். லூசிண்டா எப்படி இருக்கிறாள்? விடுதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொந்த வீடு இருக்க விடுதி எதற்கு? பன்னிரண்டு பேரும் இங்கேதான் தங்கினார்கள். உன் தம்பிகள் வைக்கோல் பரணில் படுத்தார்கள். அண்ணனும் அங்கேயே படுத்தார். அவர் கட்டில் உன் அம்மாவுக்கு.

விழா அன்று பந்தலில் இருநூறு பேருக்கு மேல். வேகவைத்த அவரை விதையும் கரிய ரொட்டியும் அண்டா அண்டாவாக இருந்தன. சாப்பாட்டுக்கு முன் அண்ணன் மேடையேறிப் புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்தப் பெயரின் வழி வந்தவர்கள் எழுந்து நிற்பது என்று ஏற்பாடு. நீ சொன்னபடி நான் உன் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

அண்ணன் வாசித்தார்: "டார்கஸ். விடுதலைப் போர்ச் சிப்பாய் பாம்ப் ஃபெரிஸின் மனைவி."

உன் அம்மா எழுந்தார். பின்னால் பதினொரு பேரும் எழுந்தார்கள். பந்தலில் சத்தமே இல்லை. அண்ணன் அடுத்த பெயருக்குப் போகவில்லை. மேடையை விட்டு இறங்கினார், நேராக எங்கள் வரிசைக்கு வந்தார்.

எங்கள் விழாவில் ஒரு வழக்கம் உண்டு. வந்திருப்பவர்களில் மூத்த தலைமுறை எதுவோ, அதில் மூத்தவர் தலைமேசை நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக அது அண்ணனின் நாற்காலி. அவருக்கு வயது அறுபத்து மூன்று.

உன் அம்மாவுக்கு முன்னால் நின்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அக்கா, நீங்களும் நானும் ஒரே தலைமுறை. என்னைவிடப் பெரியவங்க நீங்க. அந்த நாற்காலி உங்களோடது. வாங்க."

கையை நீட்டினார். உன் அம்மா அவரை ஒரு நிமிடம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தக் கையைப் பிடித்தார். அவர்கள் நடுவழியில் போகும்போது வெர்மான்ட்டிலிருந்து வந்த ஒரு கிழவர் எழுந்து நின்றார். அடுத்து அவர் மனைவி. அதற்குள் பந்தல் முழுவதும் எழுந்துவிட்டது. உட்கார்ந்தே இருந்த ஒன்றிரண்டு பேரை யார் கவனித்தார்கள்?

ஜெபம் சொல்லச் சொன்னால் உன் அம்மா முதலில் டார்கஸுக்கும் பாம்புக்கும் நன்றி சொன்னார், பிறகுதான் கர்த்தருக்கு. அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தாயே, அன்று திறந்தவர் இன்னும் மூடவில்லை.

உன் தம்பிகள் திங்கட்கிழமை ஊருக்குப் புறப்பட்டார்கள். அம்மா போகவில்லை. அண்ணன் புத்தகத்துக்கு ஓர் இணைப்பு எழுதத் தொடங்கியிருக்கிறார். டார்கஸ் வழியை முழுதாக. உன் அம்மாவுக்கு அத்தனை பேரும் மனப்பாடம். யார் யாரை மணந்தார்கள், யாருக்கு எந்த மாதம் பிறந்தது, யார் நல்ல பாடகர், யார் கடுகடுப்பு எல்லாம். காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் உட்காருகிறார்கள். அண்ணனால் பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை. நேற்று, "கொஞ்சம் மெதுவா அக்கா, கை வலிக்குது" என்று கெஞ்சுவது தோட்டம் வரைக்கும் கேட்டது.

அம்மாவை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்பாய். அதற்கு அவரே பதில் எழுதுகிறாராம். பேனாவைக் கொடுக்கிறேன்.

உன் சித்தி,
கெசாயா

ஒரிண்டா,

நான் நல்லா இருக்கேன். முழங்கால் வலியே இல்ல. இப்ப வரதுக்கில்ல. இந்த மனுஷன் எழுத்து நல்லா இருக்கு, ஆனா கை ரொம்ப மெதுவு. ஏழு நாளாச்சு, இன்னும் தாங்க்ஃபுலோட நாலாவது பையன் கிட்டயே நிக்கறோம். உன் தாத்தா எலியஸ் அஞ்சாவது. அப்புறம் நான், அப்புறம் நீ. லூசிண்டாவுக்குப் பிறந்ததும் பேரையும் தேதியையும் உடனே தந்தி அடி. இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்.

அம்மா